ஆங்கில நகைச்சுவைப் பஞ்சாங்கங்கள்: தேட, படிக்க, வாங்க ஒரு வழிகாட்டி

பழைய இங்கிலாந்தின் நகைச்சுவை ஆல்மனாக்குகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். அட்டையில் இருக்கும் ஆண்டை அச்சான ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மறுபதிப்பை முதற்பதிப்பு விலைக்கு வாங்குகிறார்கள். படங்களை உருவிவிட்ட பிரதிக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

இந்தப் புத்தகங்கள் வீட்டில் தினமும் புரட்ட அச்சான நிஜப் பஞ்சாங்கங்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நாள், கிழமை, சூரிய உதயம், பிறை எல்லாம் சரியாக இருக்கும். கேலி அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் ஒரு தாளும் பேனாவும் இருந்தாலே பாதி ஏமாற்றங்களைக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவருக்கு மூன்று பெயர்கள் போதும்.

'புவர் ராபின்' 1660களில் தொடங்கி 1828 வரை வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தியில் புனிதர்களின் பெயர், பக்கத்துப் பத்தியில் போக்கிரிகள், முட்டாள்களின் பெயர் என்று அடுக்கும். மொழி பழையது, அச்சு மங்கல். இதில் தொடங்க வேண்டாம்.

'தி காமிக் ஆல்மனாக்' 1835 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்தொன்பது வெளியீடுகள். ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு செதுக்குப் படங்களை (உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை) வைத்தே தொடங்கிய வெளியீடு. இங்கிருந்து தொடங்குங்கள். 1839க்கான இதழும் 1840க்கான இதழும் முதலில் படிக்கத் தோதானவை. இரண்டிலும் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே மாதத்துக்கு ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதியிருக்கிறார். தாக்கரே சேகரிப்பாளர்களும் இவற்றையே துரத்துவதால், அசல் வாங்கப் போனால் இவ்விரண்டுக்கும் விலை கூடுதல்.

'பஞ்ச்' என்ற நகைச்சுவை வார இதழின் ஆல்மனாக் 1842க்கானதில் தொடங்குகிறது. "திருமணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு அறிவுரை: வேண்டாம்" என்ற, இன்றும் மேற்கோள் காட்டப்படும் துணுக்கு 1845 ஆல்மனாக்கின் ஜனவரிப் பக்கத்தில் வந்தது.

பெயர் ஒன்றுபோல இருந்து ஏமாற்றுகிறவையும் உண்டு. தாமஸ் ஹூட்டின் 'காமிக் ஆனுவல்' ஆண்டு மலர். அதில் நாட்காட்டியே கிடையாது. கில்பர்ட் அபாட் ஆ பெக்கட் 1846இல் நடத்திய 'ஆல்மனாக் ஆஃப் தி மன்த்' உண்மையில் ஒரு மாத இதழ். 1883இல் தொடங்கும் கேட் கிரீன்அவே ஆல்மனாக்குகள் அழகானவை, ஆனால் சிரிக்க வைக்க வந்தவை அல்ல. பாஸ்டனில் 1831இல் தொடங்கிய 'அமெரிக்கன் காமிக் ஆல்மனாக்'கும் டேவி கிராக்கெட் பெயரில் வந்தவையும் அமெரிக்கச் சரக்கு. தேடலில் இவைதான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரும். இதற்கு எளிய வழி, 'ஆல்மனாக்' என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் 'கே' எழுத்தையும் சேர்த்துத் தேடுவது. இங்கிலாந்து வெளியீடுகள் பெரும்பாலும் அப்படி எழுதின; அமெரிக்க வெளியீடுகள் பலவும் அந்த 'கே'யை விட்டுவிட்டன.

2. காசு செலவழிக்கும் முன் இலவசப் பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள்

ஒரு ரூபாய் செலவில்லாமல் இவற்றில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். எந்த இணைய நூலகத்தில் எது கிடைக்கும், எது கோளாறு என்று பார்ப்போம்.

புராஜெக்ட் குட்டன்பெர்க்: 'காமிக் ஆல்மனாக்' இரண்டு தொகுதிகளாக இருக்கிறது. எழுத்து தெளிவு, தேட வசதி. ஆனால் அது பிற்கால மறுபதிப்பிலிருந்து எடுத்தது. பக்க அமைப்பைப் பார்க்க இது போதாது.

இன்டர்நெட் ஆர்க்கைவ்: ஒரே தலைப்பில் பல ஸ்கேன்கள் கிடக்கும். முதலில் வருவதை இறக்காமல் இரண்டு மூன்றைத் திறந்து, பன்னிரண்டு மாதப் படங்களும் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள்.

கூகுள் புக்ஸ்: மடித்து ஒட்டிய பெரிய படங்களை விரிக்காமலே ஸ்கேன் செய்திருப்பார்கள். மடிப்பின் முதுகு மட்டும் தெரியும். 'காமிக் ஆல்மனாக்'கின் பிந்தைய ஆண்டுகளில் மடிப்புப் படங்கள் உண்டு. அவற்றுக்கு நூலகங்கள் தாமே செய்த ஸ்கேனைத் தேடுங்கள்.

ஹாத்திடிரஸ்ட்: அமெரிக்காவுக்கு வெளியே இருந்து பார்த்தால், சுமார் 140 ஆண்டு தாண்டாத பிரிட்டிஷ் வெளியீடுகள் பூட்டியே இருக்கும். 1850கள் வரையிலானவற்றுக்குச் சிக்கல் இல்லை. கூகுள் ஸ்கேன் செய்த நூல்களை முழுக் கோப்பாக இறக்க உறுப்பு நிறுவனத்தின் கணக்கு கேட்கலாம். அப்போது பக்கம் பக்கமாக இறக்குவதுதான் வழி.

ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம்: 'பஞ்ச்' தொகுதிகள் நல்ல தரத்தில், இலவசம். 'பஞ்ச்' ஆல்மனாக்குக்கு முதலில் இங்கேயே போங்கள்.

'பஞ்ச்' விஷயத்தில் ஒரு பொறி உண்டு. இதழ் ஆண்டுக்கு இரண்டு தொகுதிகளாகக் கட்டப்பட்டது. ஆல்மனாக் பக்கங்கள் பொதுவாக ஜனவரித் தொகுதியின் தொடக்கத்தில், பக்க எண் இல்லாமல் இருக்கும். சில பைண்டர்கள் அவற்றைக் கடைசியில் கட்டினார்கள். சிலர் கட்டாமலே விட்டார்கள். பொருளடக்கத்தை நம்பாதீர்கள். வார இதழாகப் பிரித்துப் போட்ட கோப்புகளில் ஆல்மனாக் இருக்காது என்று எண்ணியே தேடுங்கள்.

ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைக் கணினியே படித்தெடுக்கும் முறை) தேடலையும் அளவோடு நம்புங்கள். நாட்காட்டிப் பத்திகளை அது குழப்பி, திங்கள்கிழமை ஜோக்கை வியாழன் எண்ணோடு ஒட்டிவிடும். 1800க்கு முந்திய அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று படிக்கும். 'புவர் ராபின்' கோப்பில் ஒரு சொல் கிடைக்கவில்லையென்றால், அதில் சிறிய 'எஸ்' வரும் இடத்தில் 'எஃப்' போட்டுத் தேடுங்கள். பல நேரம் வந்து விழும்.

3. ஒரு பக்கத்தைப் படிக்கும் முறை

பலர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாட்காட்டிப் பத்தியைத் தாண்டிவிடுகிறார்கள். நல்ல குறும்பு பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான் ஒளிந்திருக்கிறது. உண்மையான திருநாள், உண்மையான நீதிமன்றத் தவணை (நீதிமன்றம் கூடும் பருவம்), நடுவில் சத்தமில்லாமல் ஒரு பொய். எது நிஜம் என்று தெரியாவிட்டால் எதற்குச் சிரிப்பது?

அதனால் படிக்க உட்காரும்போது பக்கத்தில் இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 ஆகியவை காலாண்டு நாட்கள். வாடகை கொடுக்க வேண்டிய நாட்கள். இந்தத் தேதிகளைச் சுற்றி வீட்டுக்காரர், ஜப்தி, இரவோடு இரவாகச் சாமான் கட்டுதல் போன்ற கேலி வந்தால் காரணம் இதுதான்.

ஜனவரி 6 கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் கடைசி நாள், கேக் வெட்டும் நாள். மே 1 புகைபோக்கி சுத்தம் செய்கிற பையன்கள் தெருவில் ஆடும் நாள். ஜூலை 15 புனித ஸ்விதின் நாள். அன்று மழை பெய்தால் நாற்பது நாள் விடாது என்பது நம்பிக்கை, ஆகவே குடை ஜோக்குகள் எல்லாம் ஜூலையில் குவியும். செப்டம்பர் 1 கௌதாரி வேட்டை தொடங்கும் நாள். குறி தவறிச் சுடும் நகரத்து ஆசாமிகள் வருவார்கள். நவம்பர் 5 நாடாளுமன்றத்தைத் தகர்க்கச் சதி செய்த கை ஃபாக்ஸின் பொம்மை எரிப்பு. நவம்பர் 9 லண்டன் மேயர் ஊர்வலமும் விருந்தும்; தொந்தியும் ஆமைச் சூப்பும் அதோடு வரும். டிசம்பர் 26இல் தபால்காரர் முதல் குப்பைக்காரர் வரை இனாம் கேட்டு வாசலில் நிற்பார்கள்.

ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி, மைக்கேல்மஸ் என்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவை நீதிமன்றத் தவணைகள். வக்கீல்கள் மீதான கேலிக்கு அதுதான் அறிகுறி.

வானிலை வரிகளுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். பேட்ரிக் மர்ஃபி என்பவர் தமது 1838 ஆல்மனாக்கில் ஜனவரி 20தான் அந்தக் குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த நாளாக இருக்கலாம் என்று போட்டார். அது அப்படியே பலித்து, புத்தகம் பதிப்பு பதிப்பாக விற்றது. மற்ற நாட்களுக்கான கணிப்புகள் அவ்வளவு பலிக்கவில்லை. அந்தக் காலத்து நகைச்சுவையில் மர்ஃபி என்ற பெயரும் வானிலையும் சேர்ந்து வந்தால் இதைத்தான் குத்துகிறார்கள்.

சூரியன், பிறை நேரங்களைக் கேலி என்று நினைத்து ஒதுக்காதீர்கள். அடுத்த படியில் உதவுவது இப்படிப்பட்ட நிஜத் தகவல்கள்தான்.

4. ஆண்டைச் சரிபார்ப்பது

ஆல்மனாக் எந்த ஆண்டுக்கானதோ அதற்கு முந்திய ஆண்டின் கடைசி மாதங்களில் விற்பனைக்கு வரும். 1835க்கானது 1834 முடிவதற்குள் கடைக்கு வந்துவிட்டது. நூலகக் கேட்லாக்கில் சிலர் 1834 என்றும் சிலர் 1835 என்றும் பதிவார்கள். இரண்டும் ஒரே புத்தகம்தான். இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள்.

தலைப்புப் பக்கம் இல்லாத பிரதியோ, தனித்தாளோ வந்தால் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஜனவரி 1 என்ன கிழமை என்று பாருங்கள். 1800 ஜனவரி 1 புதன்கிழமை. அதிலிருந்து கடந்த ஆண்டுகளோடு இடையில் முடிந்த லீப் ஆண்டுகளைக் கூட்டி ஏழால் வகுங்கள். மீதியைப் புதனிலிருந்து எண்ணுங்கள். 1846க்கு: 46 ஆண்டு, 1804 முதல் 1844 வரை 11 லீப் ஆண்டு, மொத்தம் 57. ஏழால் வகுத்தால் மீதி 1. எனவே வியாழன்.

ஆனால் கிழமை மட்டும் போதாது. 'காமிக் ஆல்மனாக்' வந்த காலத்தில் 1835, 1846, 1852 மூன்றுமே வியாழனில் தொடங்குகின்றன. 1852 லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரித் தாள் இருந்தால் பிரித்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் ஈஸ்டரைப் பாருங்கள்: 1835இல் ஏப்ரல் 19, 1846இல் ஏப்ரல் 12. பொன் எண் என்று ஓர் எண் அச்சாகியிருந்தால் இன்னும் எளிது. ஆண்டைப் பத்தொன்பதால் வகுத்து மீதியோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது அது. 1835க்கு 12, 1846க்கு 4.

கணினியில் செய்கிறவர்கள் கவனிக்க: எக்செல் 1900க்கு முந்திய தேதியை ஏற்காது. லிப்ரே ஆபிஸ் ஏற்கும். ஆனால் அதுவும் 1582 அக்டோபரிலிருந்தே இன்றைய கிரிகோரியன் கணக்குக்கு மாறிவிடும். இங்கிலாந்து மாறியது 1752 செப்டம்பரில்தான். அந்த மாதத்தில் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14. ஆகவே 1752க்கு முந்திய 'புவர் ராபின்' எதையும் பழைய ஜூலியன் கணக்கில் சரிபாருங்கள். இல்லாவிட்டால் நல்ல பிரதியைப் போலி என்று தள்ளிவிடுவீர்கள்.

'புவர் ராபின்' காலத்துக்கு இன்னொரு சோதனை முத்திரை. 1711 முதல் 1834 வரை ஆல்மனாக்குகளுக்கு முத்திரை வரி இருந்தது. முன்பக்கத்தில் சிவப்பு மையில் அடித்திருப்பார்கள். 1815க்குப் பிறகு வரி 15 பென்னி. 1834இல் வரி போய்விட்டதால் 1835க்கான 'காமிக் ஆல்மனாக்'கில் முத்திரையைத் தேட வேண்டாம்.

5. அசல் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பழைய புத்தகங்களுக்கு ஏப்புக்ஸ் (AbeBooks), ஈபே (eBay) தளங்கள் இரண்டிலும் தேடுங்கள். வாங்கும் முன் விற்பவருக்கு எழுதி, இவற்றுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது அந்தந்த ஆண்டின் வெளியீடா, மறுபதிப்பா? 1870களின் தொடக்கத்தில் ஜான் கேம்டன் ஹாட்டன் மொத்த வரிசையையும் இரண்டு தடித்த தொகுதிகளாகப் போட்டார். அவருக்குப் பிறகு சாட்டோ அண்ட் விண்டஸ் அதையே வெளியிட்டது. முதல் தொகுதியின் தலைப்பில் 'முதல் வரிசை, 1835–1843' என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு '1843, முதற்பதிப்பு' என்று பட்டியலிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒரே தொகுதியில் இருந்து, கீழே இந்த இரண்டு பதிப்பாளர்களில் ஒருவர் பெயர் இருந்தால் அது மறுபதிப்பு. அசலில் முதலில் சார்லஸ் டில்ட் பெயரும் கடைசி ஆண்டுகளில் டேவிட் போக் பெயரும் இருக்கும். படிக்க மட்டும் என்றால் மறுபதிப்பே மேல்: மலிவு, ஒரே இடத்தில் பத்தொன்பது ஆண்டு.

அந்த ஆண்டுக்கான படங்கள் (தொடக்க ஆண்டுகளில் பன்னிரண்டு) எல்லாம் இருக்கின்றனவா? குரூக்‌ஷாங்க் படங்களைத் தனியாக எடுத்துச் சட்டம் போட்டு விற்கும் வியாபாரம் நெடுங்காலமாக உண்டு. 'முழுமையானது' என்ற சொல்லை ஏற்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காகித அட்டையும் விளம்பரப் பக்கங்களும் இருக்கின்றனவா? பைண்டிங் செய்யும்போது இவற்றைத்தான் முதலில் கழற்றி எறிவார்கள். இருந்தால் விலை ஏறும். இல்லாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

செதுக்குப் படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தத் தடம் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல அறிகுறி. ஓரம் வெட்டியிருந்தால் தடமும் போயிருக்கும், அதனால் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 'பஞ்ச்' படங்கள் மரச்செதுக்கு, எழுத்தோடு சேர்ந்து அச்சானவை. அவற்றில் இந்தத் தடத்தைத் தேடுவது வீண்.

விற்பனைக் குறிப்பில் 'வித் ஆல் ஃபால்ட்ஸ்' என்றோ அதன் மூன்றெழுத்துச் சுருக்கமோ இருந்தால், எந்தக் குறைக்கும் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று பொருள். 'வான்டிங்' என்றால் இல்லாத பக்கங்கள். 'ஃபாக்ஸ்டு' என்றால் பழுப்புப் புள்ளிகள். படிக்க அது தடையில்லை.

கேட்டபோது அச்சடித்துத் தரும் புதுப் பதிப்புகளைத் தவிருங்கள். நீங்கள் இரண்டாவது படியில் இலவசமாக இறக்கிய அதே ஸ்கேன்தான், மங்கிய படங்களோடு தாளில் வரும்.

6. பணம், பார்சல், சுங்கம்

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இது. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல அட்டைகளில் அணைத்தே வைத்திருப்பார்கள். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். 'பஞ்ச்' அரையாண்டுத் தொகுதி ஒன்று கிலோவைத் தாண்டும். விலை குறைந்த தொகுதிக்குப் புத்தகத்தைவிடப் பார்சல் செலவு கூடுவது சாதாரணம். 'காமிக் ஆல்மனாக்' தனி ஆண்டு மெல்லியது, அனுப்ப மலிவு.

சுங்கத்தில் எல்லாமே விவரச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அச்சிட்ட புத்தகத்துக்கு 4901 என்ற சுங்கத் தலைப்பு (பொருளை வகைப்படுத்தும் எண்). 2019 பட்ஜெட்டிலிருந்து 5 சதவீத அடிப்படை வரி. நாட்காட்டிக்கு 4910 என்று தனித் தலைப்பு இருக்கிறது. விற்பவர் நல்லெண்ணத்தில் 'பழைய காலண்டர்' என்று எழுதினால் புத்தகம் அதில் போய் விழும். நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருட்களுக்கு 9706. எந்தத் தலைப்பில் அனுப்பப் போகிறார், வரி எவ்வளவு வரும் என்று விற்பவரிடமும் கூரியரிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். 'அன்பளிப்பு' என்று எழுதித் தப்பிக்கும் வழி 2019 டிசம்பரோடு அடைபட்டுவிட்டது.

தேவையான ஆவணங்கள்: ஆதார் அல்லது பான் போன்ற அடையாள நகல், விலைச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, விற்பனைப் பக்கத்தின் நகல். நம் ஊர்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தொல்லை. பானில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும்; பார்சலில் வெறும் இனிஷியல் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பார்சல் நின்றுவிடும். ஆர்டர் போடும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். யாருக்காவது பரிசளிக்க என்றால் ஒரு மாத அவகாசமாவது வைத்து ஆர்டர் போடுங்கள்.

பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் அதிலும் சிக்கல் உண்டு. நூறு ஆண்டு தாண்டிய பொருள் நாட்டை விட்டு வெளியேறும்போது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் கேள்வி எழலாம். அது சமீபத்தில் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான் என்று காட்டச் சுங்க ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

7. வந்த பிறகு

செல்லோடேப் தொடக்கூடாது. கறை பிடித்தால் போகாது. நம் ஈரக்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் படுக்க வையுங்கள். வெள்ளிமீன் பூச்சிக்கு மாதம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே மருந்து. மடிப்புப் படங்களை விரித்து மடிப்பது குறையட்டும். ஒருமுறை படம் எடுத்துக்கொண்டு திரையில் பாருங்கள்.

8. படங்களைப் பயன்படுத்த, சுவரில் மாட்ட

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை, பிரிட்டனில் 70. குரூக்‌ஷாங்க் 1878இல், 'பஞ்ச்' ஓவியர்களான ஜான் லீச் 1864இல், டென்னியல் 1914இல் மறைந்தவர்கள், தடையில்லை. 'பஞ்ச்'சின் இருபதாம் நூற்றாண்டுப் பக்கங்களில் ஒவ்வொரு ஓவியருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். இ. எச். ஷெப்பர்ட் 1976இல் மறைந்தவர். இந்தியாவில் 2036 முடியும் வரை உரிமை இருக்கிறது.

பழைய ஆல்மனாக்கை அச்செடுத்து நிஜமாகவே நாட்காட்டியாக மாட்டலாம். கிழமைகள் ஒத்துப்போகும் ஆண்டுகள்: 2026க்கு 1835 அல்லது 1846, 2027க்கு 1841 அல்லது 1847, 2028 லீப் ஆண்டு என்பதால் 1848. ஈஸ்டரும் அதையொட்டிய நாட்களும் பொருந்தாது. 1835இல் ஏப்ரல் 19ஆக இருந்தது 2026இல் ஏப்ரல் 5. புனித வெள்ளி விடுமுறையை அதைப் பார்த்துத் திட்டமிட்டால் இரண்டு வாரம் தள்ளிப் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் சரியான தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். பிறை நேரங்களும் பொருந்தாது. சூரிய உதய நேரம் லண்டனுக்கானது, சென்னைக்கு உதவாது.